ரயில்பூச்சி வண்டி

தேன்கோம்பை மலைக்கு இன்றைக்குப் போகிறவர்கள் நாற்பது நிமிடத்தில் போய்விடுகிறார்கள். ஏறியதும் தூங்குகிறார்கள், இறங்கும்போது எழுந்துகொள்கிறார்கள், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது ஆணா பெண்ணா என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்கள் ரயில்பூச்சி வண்டியில் போனவர்கள் இல்லை. போனவர்கள் இன்னும் முந்நூறு பேராவது மலையில் இருக்கிறார்கள். அந்த வண்டி நடு ரோட்டில் சுருண்டுகொண்ட கதையை எடுத்துவிட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், ஒருத்தர் மூன்று மணி நேரம் என்பார், இன்னொருத்தர் மூன்று நாள் என்பார், அதெல்லாம் வாய்க்கு வந்த பேச்சு. கதை ஒழுங்காக வர வேண்டுமென்றால் அத்தியப்பனைப் பிடிக்க வேண்டும். அந்த வண்டியை முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை ஓட்டிய டிரைவர் அவன்தான், அது பிறந்ததும் அவன் சட்டைப்பையிலிருந்த தீப்பெட்டிக்குள்தான்.

மலையில் அப்போது ஐம்பத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்திலிருந்து எண்ணிக்கொண்டு மேலே போக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மஞ்சள் பலகை. முன்பு ஓடிய பழைய பஸ் நீளமும் விறைப்புமாக இருந்தது, ஒரு வளைவைக்கூட அது ஒரே மூச்சில் திரும்பியதில்லை. பாதி திரும்பி மூக்கைப் பாறையில் முட்டப் போய் நிற்கும். கண்டக்டர் இருதயராஜ் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போடுவார். அத்தியப்பன் ரிவர்ஸ் எடுப்பான். பின்பக்கம் பள்ளத்துக்கு மேலே தொங்கும். உள்ளே இருப்பவர்கள் அவரவர் குலசாமியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மறுபடி முன்னால், மறுபடி பின்னால், மறுபடி கட்டை. இப்படி ஐம்பத்திரண்டு தடவை. காலையில் ஏறினால் மதியச் சோற்றுக்குத்தான் கீழே இறங்க முடியும்.

அந்தப் பஸ்ஸில்தான் அத்தியப்பனின் மகள் பூங்கொடி செத்துப்போனாள். ஏழு வயது. மிளகுக் கொடிக்கு அடியில் கட்டுவிரியன் கடித்துவிட்டது, மலையில் வேறு வண்டி கிடையாது, ஆஸ்பத்திரி அடிவாரத்தில். அவன் பெண்டாட்டி பாவாயி மகளைத் தூக்கிக்கொண்டு கடைசி சீட்டுக்குப் போனாள், அங்கேதான் நீட்டிப் படுக்க வைக்க இடம் இருக்கும். அத்தியப்பன் ஓட்டினான். ஐம்பத்திரண்டில் ரிவர்ஸ் எடுத்தான், ஐம்பத்தொன்றில் ரிவர்ஸ் எடுத்தான், ஐம்பதில் எடுத்தான், நாற்பத்தொன்பதில் எடுத்தான், முப்பத்து மூன்று வளைவு அப்படியே இறங்கிப் பத்தொன்பதாம் வளைவில் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது பாவாயி போட்ட சத்தத்தில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பின்சக்கரம் அந்த நேரம் பள்ளத்தின் விளிம்பில் இருந்தது, காலை எடுத்தால் நாற்பது பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் பாவாயி கேட்டாள், "ஏன் மாமா, நமக்கு ஏன் இப்படி ஆச்சு?" வாசலுக்கு எதிரே நின்ற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்த அத்தியப்பன் சொன்னான், "அமைப்பு அப்படி, புள்ள."

அவ்வளவுதான் பேச்சு. அவள் உள்ளே போனாள், இரண்டு சேலையை எடுத்து மஞ்சப்பையில் திணித்துக்கொண்டாள், நாற்பத்தொன்றாம் வளைவில் இருந்த அண்ணன் வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். ஏன் போனாள் என்று அவனுக்கு விளங்கவே இல்லை. அதற்குப் பிறகு வருஷக்கணக்காக அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இதில் கொடுமை என்னவென்றால் மலைக்கு ஒரே பஸ். அன்னாசிப் பழம் விற்க வாரத்துக்கு இரண்டு நாள் அவள் சந்தைக்குப் போயாக வேண்டும், புருஷன் ஓட்டுகிற வண்டியிலேயே ஏறி, புருஷன் முதுகுக்குப் பின்னாலேயே கடைசி சீட்டுக்குப் போய், கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்வாள். கண்ணாடியில் பார்த்தால் அவனுக்கு அன்னாசிக் கொண்டைகள் மட்டும்தான் தெரியும். அவனுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. திட்டினால்கூடப் போதும், மண்ணை வாரித் தூற்றினாலும் போதும், அதைக் கேட்டுவிட்டால் நெஞ்சில் கிடக்கிற கல் கொஞ்சம் நகரும் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

அப்படியே போய் ஏழாம் வருஷம் ஒரு ஐப்பசி மாதம், இருபத்தாறாம் வளைவில் மரம் விழுந்து வண்டி நின்றுவிட்டது. மரம் அறுக்கிறவர்கள் வரும்வரை ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த அத்தியப்பன், திருகித் திருகிக் கிடந்த ஒரு வேரின்மேல் ஒரு ரயில்பூச்சி ஏறுவதைப் பார்த்தான். வேரில் ஐந்து வளைப்பு. பூச்சி முதல் வளைப்பில் திரும்பியது, நிற்கவில்லை. இரண்டாவதில் திரும்பியது, பின்னால் வரவில்லை. தலை போன தடத்தில் கழுத்து போனது, கழுத்து போன தடத்தில் வயிறு போனது, முன்கால் வைத்த இடத்தில் அடுத்த கால், அது எடுத்த இடத்தில் அதற்கடுத்த கால், நெல்வயலில் காற்று போகிற மாதிரி கால்கள் வரிசையாக அசைந்தன, ஒரே சமயத்தில் ஒரே பூச்சி மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு மேலே போய்விட்டது. "அடப்பாவி," என்றான் அத்தியப்பன், "நீ எங்கடா இருந்தே இத்தனை நாளா?" என்று கேட்டவன், அங்கேயே அதன் எதிரில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதான். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, தீப்பெட்டியைக் காலி செய்து, பூச்சியை அதற்குள் ஏற்றிக்கொண்டான்.

கீழே சமவெளியில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பாடி கட்டுகிற பட்டறைகள் வரிசையாக உண்டு. அதில் ஒன்றில் நஞ்சப்ப ஆசாரி என்று ஒருவர். தீப்பெட்டியைத் திறந்து பார்த்தவர், "பஸ்ஸைக் கொண்டு வந்து பூச்சி அரிச்சிருச்சுன்னு சொல்றவனைப் பார்த்திருக்கேன், பூச்சியைக் கொண்டு வந்து பஸ் கட்டச் சொல்றவனை இன்னிக்குத்தாம்ப்பா பார்க்கிறேன்," என்றார். சிரித்தாரே தவிர விரட்டவில்லை. மூன்று நாள் பூச்சியை மேசையில் விட்டு, ஸ்பேனரையும் நட்டையும் வளைவு வளைவாக அடுக்கி, அது நடந்த தடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். பூச்சி எப்படிப் போனாலும் கோடு ஒன்றாகத்தான் விழுந்தது, இரண்டாகவில்லை. நான்காம் நாள், "முன்னாடி இருக்கிறது பின்னாடி இருக்கிறதை இழுக்கலை, அதுக்கு வழி சொல்லுது, அவ்வளவுதான்," என்றார். பஸ் முதலாளியம்மாவுக்கு ஆள் போனது. வளைவுக்கு வளைவு கிளட்ச் தேய்ந்து அலுத்துப்போயிருந்த அந்த அம்மாள், "பூச்சியோ புழுவோ, ஏறி இறங்கினாச் சரி, கட்டிக் கொண்டாங்க," என்று சொல்லிவிட்டது. ரயிலைப் பார்த்துப் பூச்சிக்குப் பேர் வைத்தவர்கள் நம் ஆட்கள். பூச்சியைப் பார்த்து பஸ் கட்டியதும் நம் ஆட்கள்தான் என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

ஒன்பது பெட்டி. ஒவ்வொன்றும் ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நீளம், ஒவ்வொன்றுக்கும் தனிச் சக்கரம், ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவே ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாகத் தார்ப்பாய். முதல் பெட்டிச் சக்கரம் எந்த இடத்தில் எவ்வளவு திரும்பியதோ, அந்த இடத்துக்கு வந்தபோது இரண்டாவதும் அவ்வளவே திரும்பியது, பிறகு மூன்றாவது, பிறகு நான்காவது. கரும்பழுப்பு வர்ணம் அடித்தார்கள், ஓரங்களுக்கு மஞ்சள். தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு அது மலையேறியது. முதல் வளைவில் அத்தியப்பன் பழக்க தோஷத்தில் ரிவர்ஸுக்குக் கையைக் கொண்டுபோனான், தேவைப்படவில்லை. இருதயராஜ் பழக்க தோஷத்தில் கட்டையோடு குதிக்கப் போனார், தேவைப்படவில்லை. ஐம்பத்திரண்டு வளைவும் ஒரு தடவைகூடப் பின்னால் வராமல், நிற்காமல், ஒன்றேகால் மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விட்டார்கள். மேளம் வைத்திருந்தவர்கள் அடிக்க மறந்து நின்றார்கள்.

அங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. தப்பு என்று சொல்லக்கூடாது, நம் ஊரில் எந்தக் கண்டக்டரும் செய்கிற காரியம்தான். ஆட்கள் ஏறி முடிந்ததும் இருதயராஜ் வெளியே தொங்கிக்கொண்டு, "ரைட், ரைட்!" என்று வண்டியின் தகரத்தில் படார் படார் என்று இரண்டு தட்டுத் தட்டினார்.

வண்டி சுருண்டது. தொட்டால் ரயில்பூச்சி சுருளும், இதுவும் சுருண்டது. பெட்டி பெட்டியாக வலது பக்கம் மடங்கி, தலை வாலைத் தேடிப் போய், ஒரு வட்டமாக ஒட்டிக்கொண்டு எஞ்சினை நிறுத்திவிட்டது. உள்ளே அறுபத்து மூன்று பேர். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. வலது பக்க ஜன்னல்கள் எல்லாம் உள்பக்கம் பார்த்தன, ஒவ்வொருத்தருக்கும் எதிரே மற்ற எல்லோரும் தெரிந்தார்கள். இருபது வருஷம் ஒருத்தர் பிடரியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு மலையேறியவர்கள் அன்றைக்குத்தான் முகத்தைப் பார்த்தார்கள். தலையும் வாலும் சேர்ந்த இடத்தில், டிரைவர் ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி, கடைசி சீட்டு ஜன்னல். அதில் பாவாயி.

அத்தியப்பன் பார்த்தான். ஏழு வருஷத்தில் காதோரம் நரைத்திருந்தது, மூக்குத்தியைக் கழற்றியிருந்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் ஷட்டரைப் பிடித்து இழுத்துச் சாத்தினாள்.

அரை மணி கழித்துப் பயம் தெளிந்ததும் வண்டி தானாக நீண்டுகொண்டது. மலைக்காரர்கள் முதலில் இருதயராஜைத் திட்டினார்கள், பிறகு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: வண்டியைத் தட்டக் கூடாது, பக்கத்தில் நின்று தும்மக் கூடாது, விசிலை உள்ளங்கைக்குள் வைத்துத்தான் ஊத வேண்டும். இருதயராஜின் வலக்கைக்குப் பஞ்சு வைத்துத் தைத்த உறை ஒன்று போட்டார்கள், இருபது வருஷப் பழக்கம் உடனே போகுமா என்ன. எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் வாரத்துக்கு ஒரு தடவையாவது மாங்காய் விழுந்தோ மாடு உரசியோ வண்டி சுருண்டுவிடும். வீடுகளில் சோறு கட்டும்போது ஒரு கைப்பிடி சேர்த்துக் கட்டினார்கள். அடிவாரத்துக் கால அட்டவணைப் பலகையில், புறப்பாடு ஆறு பத்து, சேரும் நேரம் வண்டியின் மனம்போல என்று எழுதினார்கள், அதை எழுதியவரும் சிரிக்கவில்லை, படித்தவர்களும் சிரிக்கவில்லை.

அப்புறம் நடந்ததையெல்லாம் சொல்லி மாளாது. வட்டத்துக்குள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஆறு கல்யாணம் பேசி முடித்தார்கள். பலாமரத் தகராறில் பதினைந்து வருஷம் முறைத்துக்கொண்டிருந்த பங்காளிகள் இரண்டு பேர், முகத்தைத் திருப்பிக்கொள்ள வேறு திசையே இல்லாமல், ஜன்னல் வழியாக ஒருத்தர் இலைக்கு ஒருத்தர் ஊறுகாய் வைத்தார்கள். வாத்தியார் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்க வைத்தார், தப்பாகச் சொன்ன பிள்ளையை அறுபது பேரும் ஒரே சமயத்தில் திருத்தினார்கள். நடுவில் இருந்த வட்டமான ரோட்டுத் துண்டில் யாரோ கொண்டு வந்த கோழி இறங்கி மேய்ந்தது. சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டியைப் பெரியவர்கள், "வண்டியில போயிட்டு வாங்க," என்று அனுப்பி வைக்கிற வழக்கமே வந்துவிட்டது, கீழே சந்தையில் வேலை இருக்கிறதோ இல்லையோ. அப்படிப் போய்ச் சிரித்துக்கொண்டு திரும்பியவர்களையெல்லாம் அத்தியப்பன்தான் ஏற்றி இறக்கினான். அவனுக்கு எதிரே மட்டும் ஷட்டர் மூடியே கிடந்தது.

வண்டியைச் சோதிக்க பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார், புகார் போயிருந்தது. விறைப்பான மனுஷர். "எங்கே, எப்படிச் சுருளும்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே ஏறி, தடியால் தகரத்தில் ஒரு போடு போட்டார். இரண்டு மணி நேரம் உள்ளே இருந்தார். எதிர் ஜன்னலில் அவர் போன மாதம் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்ட ஜீப்காரன் உட்கார்ந்திருந்தான்; அவன்தான் அவருக்குப் புளிசாதம் கொடுத்தான். போகும்போது அறிக்கையில், குறைபாடு என்ற இடத்துக்கு எதிரே, "சுருளும், குறை அல்ல," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு இறங்கினார்.

நான்காம் வருஷம், முப்பதாம் வளைவில் வண்டி சுருண்டு கிடந்த ஒரு மத்தியானம், இருதயராஜ் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு அத்தியப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும் அத்தி. புள்ள போன மூணாம் நாள் நீ அதுகிட்ட என்ன சொன்னே? எங்க வீட்டுக்காரிகிட்டச் சொல்லி அழுதுச்சாம்."

"என்ன சொன்னேன்? அமைப்பு அப்படின்னு சொன்னேன்."

"அட மடையா! புள்ளயைக் குழியில வெச்சிட்டு வந்த பொம்பளகிட்ட, நம்ம அமைப்பு அப்படி, தலையில எழுதினது அவ்வளவுதான்னு சொன்னா, அது எப்படிய்யா உன்கூட இருக்கும்?"

"தலையெழுத்தையா? நான் எங்கய்யா தலையெழுத்தைச் சொன்னேன்? பஸ்ஸைச் சொன்னேன்யா! வண்டியோட அமைப்பைச் சொன்னேன்!" என்று கத்தினான் அத்தியப்பன். கத்தியவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, சாத்தியிருந்த ஷட்டரைப் பார்த்து, "பாவாயி! நான் வண்டியோட அமைப்பைச் சொன்னேன் புள்ள! விதின்னு விட்டுட்டு உக்காரலை நான்! வண்டி கட்டினது சரியில்லைன்னு சொன்னேன்! அதனாலதான் இதைக் கட்டினேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். வட்டத்தில் இருந்த அத்தனை பேரும் சோற்றுக் கையோடு அப்படியே இருந்தார்கள். ஷட்டர் இரண்டு விரற்கடை மேலே ஏறியது. எல்லோரும் பார்த்தார்கள். பிறகு மெதுவாகக் கீழே இறங்கிவிட்டது. அன்றைக்கு வண்டி நீள்வதற்குச் சாயங்காலம் ஆகிவிட்டது.

ஏறிய அந்த இரண்டு விரற்கடையை நினைத்துக்கொண்டே அத்தியப்பன் இன்னும் இரண்டு வருஷம் ஓட்டினான். மாங்காய்க் காலத்தில் மரத்தடியாகப் பார்த்து ஓட்டினான் என்றுகூடச் சொல்வார்கள். ஷட்டர் அதற்குப் பிறகு ஏறவில்லை.

அதற்குள் சர்க்கார் ரோட்டை அகலப்படுத்த ஆரம்பித்துவிட்டது. பாறைக்கு வெடி வைத்தார்கள், பல வளைவுகளை நேராக்கினார்கள், மிச்சம் இருந்ததையும் எந்த பஸ்ஸும் கண்ணை மூடிக்கொண்டு திரும்பும்படி விரித்துவிட்டார்கள். நீளமான புது பஸ் வருகிறது, ரயில்பூச்சி வண்டிக்கு ஆவணி மாதக் கடைசியோடு ஓய்வு என்று முதலாளியம்மா சொல்லியனுப்பியது. புது பஸ்ஸை வேறு கம்பெனிக்காரர்கள் ஓட்டுவார்கள். அத்தியப்பனுக்கு வேலை போவதுகூடப் பெரிதாகப் படவில்லை. இனி பாவாயி அவன் வண்டியில் ஏற மாட்டாள், அந்த ஒரு வார்த்தை வராமலேயே போய்விடும் என்பதுதான் அவனுக்குப் பெரிதாக இருந்தது.

கடைசிப் பயணம் காலை ஒன்பது மணிக்கு, மேலேயிருந்து கீழே. எழுபது பேருக்குக் குறையாமல் ஏறினார்கள், கீழே எந்த வேலையும் இல்லாதவர்களே அதிகம், எல்லோரும் விசேஷத்துக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு, மூன்று வேளைச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு. இன்றைக்கு நன்றாகச் சுருளட்டும், இரண்டு நாள் கிடக்கட்டும் என்பதுதான் எல்லோர் நினைப்பும். நாற்பத்தொன்றில் பாவாயி ஏறினாள், கூடையில்லாமல், வெறுங்கையோடு. முப்பத்தைந்து தாண்டியதும் இருதயராஜ் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆசை தீர இரண்டு தட்டுத் தட்டினார். வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு தட்டினார். உள்ளே இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் தகரத்தை அறைந்தார்கள், வாத்தியார் விசில் அடித்தார், பங்காளிகள் இரண்டு பேரும் சேர்ந்து கூரையைக் குத்தினார்கள். வண்டி லேசாகச் சிலிர்த்ததே தவிர மடங்கவில்லை. ஆறு வருஷமாக இந்தக் கைகளின் வாசனை அதற்குத் தெரியும். பயம் இருந்தால்தானே சுருளும், இவர்களிடம் அதற்கு என்ன பயம்? அது தெரிந்ததும் ஆட்கள் ஒவ்வொருத்தராகக் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள், சில பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

அத்தியப்பன் இருபத்தைந்தாம் வளைவைத் திரும்பினான். அவ்வளவுதான், இனி ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டான். அப்போது கண்ணாடியில், கடைசி சீட்டில் பாவாயி எழுந்து நிற்பது தெரிந்தது.

ஒன்பதாம் பெட்டியிலிருந்து நடந்தாள். வண்டி வளைந்துகொண்டிருந்ததால் கம்பியை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு எட்டாம் பெட்டிக்கு வந்தாள், தார்ப்பாய் மடிப்பில் கால் தடுமாறி ஏழாம் பெட்டிக்கு வந்தாள், ஆறுக்கு வந்தாள், ஐந்துக்கு வந்தாள், உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். பதின்மூன்று வருஷம் கடைசி சீட்டிலேயே உட்கார்ந்திருந்தவள் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் ஒண்ணு சொல்லணும் மாமா," என்றாள்.

அவன் தலையை ஆட்டினான்.

"அன்னிக்கு அவ என் மடியில படுத்துக்கிட்டு உங்க முதுகையேதான் பாத்துக்கிட்டு வந்தா. நீங்க வளைவுக்கு வளைவு அந்தச் சக்கரத்தைப் போட்டுத் திருப்பறதைப் பாத்துட்டு, 'அம்மா, அப்பாவுக்குக் கை வலிக்குமில்ல, வீட்டுக்குப் போனதும் நான் தேங்காயெண்ணெய் தேச்சு விடறேன்'னா. அதான் அவ கடைசியாப் பேசினது." பாவாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், பிறகு எடுத்தாள். "நான்தான் உங்ககிட்டச் சொல்லலை. உங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு நானே வெச்சிருந்தேன். நீங்க அன்னிக்குச் சன்னலுக்கு அந்தப் பக்கம் கத்தினப்பவே சொல்லியிருக்கணும், இத்தனை வருஷமா வெச்சிருந்துட்டு எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. தப்பு என்னோடதுதான்."

அத்தியப்பனுக்குத் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது, மனுஷன் போடுகிற சத்தமாக இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தன் இரண்டு கைகளையும் முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய கைகள் போலப் பார்த்தான், கண்ணாடிக்கு வெளியே இருந்த ரோடு கலங்கிக் கரைந்துபோனது, அவன் அப்படியே திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

"முதல்ல ரோட்டைப் பாருங்க!" என்று அதட்டினாள் பாவாயி. முந்தானையால் அவன் கண்ணை அழுத்தித் துடைத்துவிட்டாள். "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க மாமா, பின்னாடி இத்தனை பேர் உக்காந்திருக்காங்க."